மார்க்கோ போலோ: பாலைநிலத்து மந்தைகளும் காயல் துறைக் குதிரைகளும்

இவ்வெளியீட்டில் இதுகாறும் வந்த சரித்திரங்கள் பெரும்பாலும் நம் நாட்டிற் பிறந்து நம் நாட்டிற் சிறந்தோரைப் பற்றியனவே. இத்திங்கள் நாம் எழுதப் புகுவது வேற்று நாட்டார் ஒருவரைப் பற்றியது. வெனிஸ் நகரத்து வணிகராகிய மார்க்கோ போலோவின் பெயரைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அவர் சீனப் பேரரசனைக் கண்டு வந்தவர் என்ற அளவில் நம்மவர் நின்றுவிடுகின்றனர். பாலைவனங்களைக் கடந்த அம்மனிதர், சென்ற இடந்தோறும் மக்கள் ஆடு மாடு குதிரைகளை எங்ஙனம் வளர்த்தனர் என்பதைக் கூர்ந்து நோக்கியவர் என்பதும், அந்நோக்கோடு நம் தாமிரபரணியின் முகத்துவாரத்திலிருந்த காயல் துறையைப் பற்றி எழுதிவைத்தவர் என்பதும் பலர் அறியாதன. ஆனிரை காத்தலையே முதுதொழிலாகக் கொண்ட குடியிற் பிறந்து, முத்துக் குளித்த இக்கடற்கரையில் வாழும் நமக்கு, அவர் வரலாற்றில் இப்பகுதியே முதன்மையானது.

மார்க்கோ கி.பி. 1254-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் நிக்கோலோவும் சிறிய தந்தையார் மாப்பியோவும் கிழக்கு நாடுகளில் வாணிகஞ் செய்து, மொகலாயப் பேரரசனாகிய குப்ளாய்கானைக் கண்டு மீண்டவர்கள். (இங்கு மொகலாயர் என்பது செங்கிஸ்கானின் வழியினராகிய மங்கோலியரை, தில்லியை ஆண்ட மரபினர் பின்னாளில் வந்தவர்.) 1271-இல் அவ்விருவரும் மறுமுறை புறப்பட்டபொழுது, பதினேழு வயதினராகிய மார்க்கோவும் உடன் சென்றார். தாயார் முன்னரே இறந்துவிட்டமையின், வீட்டிற் பிணிப்பதற்கு ஒன்றுமில்லை.

பாரசீக நாட்டின் கெர்மானிலிருந்து தெற்கே வெப்பநிலத்தில் இறங்கியவுடன் அவர் கண்ணிற் பட்டவை மாடுகள். பனிபோல் வெண்ணிறம், வெப்பத்தின் காரணமாகக் குறுகி வழுவழுப்பான மயிர், குட்டையாய்த் தடித்துக் கூர்மையில்லாத கொம்பு, தோள்களுக்கிடையே இரண்டு சாண் உயரத்திற்கு உருண்டு நிற்கும் திமில். பொதியேற்றும்பொழுது ஒட்டகம்போல் மண்டியிட்டு, ஏற்றியபின் எழும் என்றும் எழுதியிருக்கிறார். திமிலைக் கண்டு அவர் வியந்ததை வாசிக்கும்பொழுது நமக்குச் சிறிது நகைப்புண்டாகிறது. நம் வீட்டுக் குழந்தை திமிலில்லாத மாட்டைக் கண்டாலன்றோ வியக்கும்! ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் இல்லையாதலின், அவருக்கு அது புதுமை. அந்நாட்டுக் கழுதைகளையும் அவர் விடவில்லை. நல்ல கழுதையொன்று 30 மார்க்கு வெள்ளி விலைபெறும். குதிரையினும் குறைவாக உண்டு, மிகுதியாகச் சுமந்து, பாலைவழியில் நெடுந்தூரம் செல்லுமாதலின் வணிகர் அதனையே விரும்பினர் என்கிறார். விலங்கின் தோற்றத்தைவிட அதன் தீனியையும் உழைப்பையும் முதலிற் கணக்கிடும் வணிகக்கண் அது.

அங்கிருந்து ஹொர்முசுத் துறைக்கு வந்தனர். கடல்வழியாகச் செல்லலாம் என்பது எண்ணம். ஆனால் அங்கிருந்த மரக்கலங்களைக் கண்டு மார்க்கோ மனங்கலங்கினார். பலகைகளை இரும்பாணியால் அறையாமல், தென்னைநார்க் கயிற்றால் தைத்திருந்தனர், மேற்றளம் இல்லை. சரக்கை ஏற்றி, அதன்மேல் தோலை விரித்து, அத்தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவிற்கு விற்பனைக்குக் கொண்டுபோயினர். இக்காட்சியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வாராக. அக்குதிரைகள் போய்ச் சேர்ந்த துறையைப் பற்றி அவர் எழுத நேர்ந்தது பல ஆண்டு கழித்து. அப்பொழுது அக்கலங்களை நம்பாமல் தரைவழியே திரும்பினர்.

பாமீர் மலைகளைக் கடந்து லோப் என்னும் பெரும்பாலையின் விளிம்பை அடைந்தனர். குறுகிய இடத்திற் கடந்தாலும் ஒரு திங்கள் ஆகும். பிரயாணிகள் ஓரூரில் ஒரு வாரம் தங்கி விலங்குகளை இளைப்பாற்றி, மக்களுக்கும் மாக்களுக்கும் ஒரு மாத உணவைச் சேர்த்துக்கொண்டே புறப்படுவர். ஒரு நாள் நடைக்கு ஓரிடத்தில் நீர் உண்டு. அதுவும் ஐம்பது நூறு பேருக்கும் அவர் விலங்குகளுக்கும் போதுமான அளவே. புல்லின்மையால் அங்கே காட்டு விலங்கும் இல்லை. இரவில் ஆவிகள் பெயர்சொல்லி அழைத்து வழிமயங்கச் செய்யும் என்று அஞ்சி, விலங்குகளின் கழுத்தில் எல்லாம் மணி கட்டுவராம். ஆவியை நாம் நம்புவதாயினும் நம்பாததாயினும், மணியின் பயனை நம்பலாம். கிடைபோட்டு இருளில் மாடு தேடியவர்கள் இதனை நமக்கு விளக்கவேண்டுவதில்லை.

குப்ளாய்கானின் அவையை அவர்கள் அடைந்தது 1275-ஆம் ஆண்டளவில். அங்கே ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் மார்க்கோ ஊழியம் புரிந்தார். அப்பதினேழு ஆண்டுகளின் சிறப்புக்களை எல்லாம் விரிப்பின் பெருகும். மந்தைகளைப் பற்றிய அளவே கூறுவோம். மொகலாயர் மாரிக்காலத்தில் வெம்மையான சமவெளிகளிலும், வேனிலிற் குளிர்ந்த மலைப்புறங்களிலும் மேய்ப்பர். குதிரை, ஒட்டகம், எருது முதலிய பெருவிலங்குகளுக்கு உடையவனது இலச்சினையைச் சூடிட்டு, காவலின்றி மேயவிடுவர். ஒருவன் விலங்கு மற்றொருவன் மந்தையிற் புகுந்தால், குறியைப் பார்த்து உரியவனிடம் சேர்ப்பர். ஆடுகளுக்கு மட்டும் ஆயருண்டு. பாலைக் காய்ச்சி, ஏட்டை எடுத்து, எஞ்சியதை வெயிலில் உலர்த்திக் கட்டியாக்குவர். போருக்குச் செல்வோன் பத்து ராத்தல் அளவு அதனைக் கொண்டுபோய், காலையில் அரை ராத்தலைத் தோற்பையில் நீரோடு இட்டுக் குதிரைமேல் ஏறினால், ஓட்டத்தின் குலுக்கலில் அது கரைந்து உணவாகிவிடும். பேரரசனுக்கோ வெண்ணிறப் பெட்டைகளையும் ஆண்களையும் சேர்த்துப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன. உலகின் பெரும்பகுதியை வென்ற சேனையின் பலம் இம்மேய்ச்சல் நிலங்களில் விளைந்தது.

1292-ஆம் ஆண்டளவில், பாரசீக மன்னன் அர்குனுக்கு மணமகளாகக் கொகச்சின் என்னும் அரசிளங்குமரியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு இவர்களுக்குக் கிடைத்தது. பதினான்கு மரக்கலங்கள் சீனத்தின் சைத்தூன் துறையினின்று புறப்பட்டன. சுமத்திராவில் காற்றுக்காக ஐந்து திங்கள் காத்திருந்து, ஈழத்தை அடைந்து, மாபார் எனப்பட்ட நம் கரைக்கு வந்தனர். மாபார் என்பது அரபு வணிகர் பாண்டி நாட்டையும் சோழ மண்டலத்தையும் சேர்த்து வழங்கிய பெயர். அக்காலம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சிக்காலம். 1268-இல் முடிசூடிய அவ்வரசனோடு உடன் ஆண்ட பாண்டியர் சிலரும் இருந்தனர். மார்க்கோ ஐந்து அரசர் உடன்பிறந்தார் என்று குறித்ததற்கு இதுவே காரணம்.

முத்துக்குளிப்பை அவர் விரிவாகவே எழுதினார். ஏப்ரல் தொடங்கி மே மாதத்தின் நடுவரையில் சிலாபம் நடைபெறும். வணிகர் பெரிய மரக்கலத்தில் வந்து, சிறு தோணிகளில் கூலிக்குக் குளியாட்களை அமர்த்துவர். கிடைப்பதிற் பத்தில் ஒன்று அரசனுக்கு. சுறாமீனை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதில் ஒன்று. மந்திரம் பகலிற் பலிக்கும். இரவில் அதனை அவிழ்த்துவிடுவர், கள்வர் இரவிற் குளிக்கத் துணியாதிருக்க. பெருமுத்துக்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாகாது. அரசனே இருமடங்கு விலைகொடுத்து வாங்குவான். அரசன் கழுத்தில் 104 பெரிய மணிகளாலாகிய மாலை அணிந்து, அத்தனை முறை நாளுங் காலையும் மாலையும் இறைவன் நாமத்தை உருப்போட்டான் என்கிறார். 108 என்று கேட்டு 104 என்று எழுதினார் போலும். 1961-க்குப் பின் அரசினர் சிலாபம் தூத்துக்குடியில் நிகழவில்லையாதலின், இவையெல்லாம் இன்றைய இளைஞர்க்குக் கதையாகவே தோன்றும்.

கடலிலிருந்து உயிரைப் பணயம் வைத்து எடுத்த அச்செல்வம் எங்கே போயிற்று? பெரும்பகுதி குதிரையாயிற்று. ஹொர்முசு, கீஷ், தோபார், சோகார், ஏடன் ஆகிய துறைகளின் வணிகர் குதிரைகளைக் கொண்டுவந்து, ஒன்று 100 மார்க்கு வெள்ளிக்கு மேற்பட்ட விலைக்கு விற்றனர். ஒரு மார்க்கு ஏறக்குறைய அரை ராத்தல் நிறை. எனவே ஒரு குதிரைக்கு ஐம்பது ராத்தல் வெள்ளி. ஓரரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கு மேல் வாங்கினான். உடன் ஆண்டோரும் அத்துணையே வாங்கினர். மேற்கேயிருந்து வந்த கலங்கள் யாவும் காயலிலே தங்கின. ஆனால் ஆண்டு முடியும்பொழுது நூறு குதிரைகூட உயிரோடிருப்பதில்லை என்று மார்க்கோ எழுதினார்.

காரணத்தையும் அவரே கூறுகிறார். குதிரையைப் பேண அறிந்தோர் இந்நாட்டில் இல்லை. இறைச்சியோடு சமைத்த சோற்றையும் பிற வேகவைத்த உணவுகளையும் அவற்றிற்கு ஊட்டினர். இலாடம் கட்டுவோரும் பரிமருத்துவரும் இல்லை. அவர்களை இங்கே வரவொட்டாமல் குதிரை வணிகரே தடுத்தனர். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த ஆண்டு விற்பனை! உயர்ந்த ஆண்குதிரையையும் பெட்டையையும் இணைத்தாலும் கால் கோணிய சிறு குட்டியே பிறந்தது என்றும் குறித்திருக்கிறார்.

வெளிநாட்டார் மிகைப்படக் கூறுதல் இயல்பு என்று இதனைத் தள்ளிவிட நாமும் முதலில் விரும்பினோம். ஆயினும் வஸ்ஸாப் என்னும் பாரசீகச் சரித்திரக்காரர், மார்க்கோவின் நூலைக் காணாதவர், அதே செய்தியை வேறு விவரங்களோடு எழுதிவைத்திருக்கிறார். கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் சொந்த மந்தையிற் பிறந்த 1400 குதிரைகளை ஆண்டுதோறும் மாபாருக்கு அனுப்ப உடன்படிக்கை இருந்தது. அவர் உடன்பிறந்தார் தக்கியுத்தீன் இங்கே பாண்டியனிடம் அமைச்சராயிருந்தார். விற்றவர் தமையன், வாங்கிய அரசின் அமைச்சர் தம்பி; இதற்குமேல் நாம் ஒன்றும் கூறவேண்டுவதில்லை. குதிரையொன்று 220 செம்பொன் தினார். வழியிற் கடலில் இறந்த குதிரைக்கும் அரசன் பொக்கிஷமே விலைகொடுக்கவேண்டும். மாபாருக்கும் கம்பாத்து முதலிய பிற துறைகளுக்கும் சேர்த்து ஒரு காலத்தில் ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும் அவர் கணக்கிடுகிறார். வந்த குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும் நெய்யிட்ட தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் புகட்டினர்; கொழுக்கவேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்தனர்; பின்பு பழக்காமலே ஏறி ஓட்டினர். ஒருவர் சோறும் இறைச்சியும் என்றார். ஒருவர் நெய்யும் பாலும் என்றார். கண்டது வேறாயினும், இருவர் கூற்றும் ஓரிடத்திற் சேர்கின்றது.

அன்பின்மையால் அக்குதிரைகள் இறக்கவில்லை என்பதை நினைக்கும்பொழுதே நம் மனம் வருந்துகிறது. நெய்யும் பாலும் ஊட்டியவரைக் கொடியவர் என்று யார் சொல்வார்? தாம் உயர்ந்ததென்று கருதிய உணவையே ஊட்டினர். மெல்லிய உலர்தீனியை உண்டு நாளெல்லாம் நடந்து வளர்ந்த குதிரைக்கு, நடையின்றி நிறுத்தித் தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால், வயிற்றுநோய் காணும். குளம்பின் உள்ளே அழற்சியுண்டாகி நிற்கமாட்டாமற் போகும். இது இன்றைய கால்நடை மருத்துவர் யாவரும் ஒப்புவது. ஈக்கடியாற் பரவும் சர்ரா என்னும் குருதிநோயும் குதிரைகளைக் கொல்வது; அதன் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிபித் எவன்ஸ் கண்டறியும்வரை காரணம் தெரியாதிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒருவர், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கறவைப்பசுவுக்கு, தம் வீட்டு மணவிழாவில் எஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் தொட்டி நிறைய வைத்தார். வாயில்லாச் சீவனும் விருந்துண்ணட்டும் என்பதே அவர் எண்ணம். மறுநாள் வயிறு உப்பி, கால் தளர்ந்து விழுந்தது. மருத்துவர் வந்து சோடா உப்பைக் கரைத்துப் புகட்டியும் பிழைக்கவில்லை. சோறு இரைப்பையிற் புளித்து அமிலமானதே காரணம் என்றார். அவ்வீட்டுத் தாய்மார் மூன்று நாள் உலைவைக்கவில்லை. அருகிலிருந்த நாமும் அத்தொட்டியைக் கண்டோம்; கண்டும் வாய்திறவாதிருந்தோம். மாடு வளர்த்த குடியென்று பெருமை பேசும் நமக்கே இவ்வாறென்றால், எழுநூறு ஆண்டுக்கு முற்பட்ட பாண்டியர் சேவகரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

இதற்கு மறுதலையான காட்சியொன்றையும் மார்க்கோ குறித்துள்ளார். அரேபியாவின் தென்கரையில், ஏடனுக்குக் கிழக்கே, எஷ்ஷிஹர் என்னும் துறை உண்டு. உலகில் அதைவிட வறண்ட நிலம் இல்லை என்கிறார். ஒரு புல்லும் முளையாது. ஆயினும் அங்கிருந்து நல்ல குதிரைகள் இந்தியாவிற்கு ஏற்றுமதியாயின. தீனி எங்கிருந்து? கடலிலிருந்து. மார்ச்சு, ஏப்ரல், மே ஆகிய மூன்று திங்களிலும் மிகச் சிறிய மீன்கள் ஏராளமாகப் பிடிபடும். அவற்றை வெயிலில் உலர்த்தி வீட்டிற் சேமித்து, ஆண்டு முழுவதும் மாட்டிற்கும் ஆட்டிற்கும் ஒட்டகத்திற்கும் குதிரைக்கும் கொடுப்பர். நீரிலிருந்து எடுத்த பச்சைமீனையும் அவை தின்னுமாம். இதனைப் படித்த ஐரோப்பியர் பலர் கட்டுக்கதை என்றனர். தென்னரேபியக் கரையில் உலர்ந்த மத்திமீனைக் கால்நடைக்கு இடுவது பின்வந்த பிரயாணிகளும் கண்ட வழக்கமே.

நம் கரையை நோக்குக. அதே ஏப்ரல், மே திங்களில் அங்கே மீனை உலர்த்தி விலங்கை வளர்த்தனர்; இங்கே முத்தைக் குளித்து அவ்விலங்கை வாங்கினர். உவரியிலும் குதிரைமொழித் தேரியிலும் நாம் காணும் செம்மணலும் உடைமரமும் அவ்வரேபிய நிலத்தோடு ஒப்பிட்டால் சோலையே. அப்பாலைநிலத்தார் தமக்கென இருந்த ஒரே பொருளைக் கொண்டு இவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தனர். குதிரையை நமக்கு விற்றனர், அவ்வறிவை விற்கவில்லை. பாண்டியரும் அதனைக் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கவாசகர் குதிரைவாங்கச் சென்ற பொருளை வேறு வழியிற் செலவிட்ட கதையைக் கேட்டு அரசன்பால் இரங்குவோர் உண்டு. இக்கணக்கைப் படித்தபின், அப்பொருள் திருப்பணியிற் சென்றதே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது.

வாங்கிய குதிரைகள் அரசையும் காக்கவில்லை. 1310-ஆம் ஆண்டளவில் குலசேகரன் மாண்டான். மக்கள் இருவர் தம்முட் பொருதனர். 1311-இல் மாலிக்காபூரின் சேனை மதுரைவரை வந்து, யானைகளையும் ஆயிரக்கணக்கான குதிரைகளையும் கவர்ந்துசென்றது. காயலும் வண்டல் படிந்து தூர்ந்தது. கடல் விலகிய அவ்விடமே இன்றைய பழையகாயல். மார்க்கோ குறித்த துறை இதுவே என்று 1870-களில் நிறுவியவர் கால்டுவெல் பாதிரியார். சீனத்துப் பீங்கான் ஓடுகளும் அரபுநாட்டு மட்கல ஓடுகளும் அம்மண்ணிற் சிதறிக்கிடந்ததை அவர் கண்டார்.

மார்க்கோவின் எஞ்சிய வாழ்நாளைச் சுருங்கக் கூறுவோம். உடன்வந்தோர் அறுநூற்றுவரில் வழியிற் பெரும்பாலோர் மாண்டனர். குமரியோடு இவர்கள் பாரசீகத்தை அடைந்தபொழுது மணமகனாகிய அர்குன் உயிரோடில்லை. அவன் மகன் கசானுக்கே அவளை மணமுடித்தனர். 1295-இல் மூவரும் வெனிசை அடைந்தனர். பின்பு ஜெனோவா நகரத்தாரோடு நிகழ்ந்த போரில் மார்க்கோ சிறைப்பட்டார். அச்சிறையில், 1298-ஆம் ஆண்டில், உடனிருந்த பைசா நகரத்து ருஸ்திக்கெல்லோ என்பவருக்குத் தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்ல, அவர் பிரெஞ்சு மொழியில் எழுதினார். போர் நின்று இவர் சிறையினின்று வந்திராவிடில், அதற்குமுன் சிறைபுகாதிருப்பினும், காயல் துறைக் குதிரைகளைப் பற்றி நாம் இத்துணை அறிந்திருக்கமாட்டோம். அந்நூலை மெய்யென்று ஏற்றோர் அன்று சிலரே. இறக்குந்தறுவாயில், சொன்ன பொய்களைத் திருத்திக்கொள்ளுமாறு நண்பர் வேண்ட, கண்டதிற் பாதிகூடச் சொல்லவில்லை என்று அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது.

விடுதலைக்குப்பின் டொனாத்தா என்னும் மாதரை மணந்து, பந்தீனா, பெல்லேலா, மொரேத்தா என்னும் பெண்மக்கள் மூவரைப் பெற்று, வணிகராகவே வாழ்ந்தார். 1324 ஜனவரி 9-ஆம் நாள் நோய்ப்படுக்கையில் மரணசாசனம் எழுதுவித்து, விரைவில் இறந்தார். அச்சாசனத்தில் மனைவி மக்களுக்குரிய பங்குகளோடு, தம்மிடம் அடிமையாயிருந்த தார்த்தாரியப் பீட்டர் என்பவனை விடுதலைசெய்து, அவன் அவ்வீட்டில் உழைத்துச் சேர்த்த பொருள் யாவும் அவனுக்கே உரியதென்றும், அதற்குமேல் நூறு லீரா கொடுக்கவேண்டுமென்றும் எழுதியிருக்கிறார்.